பட்டன் மேல் பழி போடாதீர்கள்

"பட்டன் ஸ்டார்ட்டா? நான் கை வைக்க மாட்டேன் சார், ஷோரூம்லயே விட்டுடுங்க." ஓசூர் பாகலூர் சாலையிலும் கிருஷ்ணகிரி பட்டறைகளிலும் இந்தப் பேச்சு இப்போது சாதாரணமாகிவிட்டது. பட்டறைக்காரர் சொல்வதையே ஷோரூம் வரவேற்பில் இருப்பவரும் சொல்கிறார், கொஞ்சம் நாசூக்காக. கார்க்காரரின் மச்சான் இன்னும் ஒரு படி மேலே போய், "அதெல்லாம் கம்ப்யூட்டர் மாப்ளே, ஒரு ஒயரத் தொட்டா போர்டே போயிடும்" என்று கிலி கிளப்புகிறார். வேறு எதிலும் ஒத்துப்போகாத மூன்று தரப்பும் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். அதனாலேயே இதைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல. காலையில் வண்டி எடுக்கவில்லை என்றதும் ரெக்கவரி வண்டிக்குப் போன் போகிறது. டி.என். 70 பலகை மாட்டிய கார், ஜூஜுவாடியையும் அத்திப்பள்ளியையும் தாண்டிப் பெங்களூருக்குக் கொக்கியில் தொங்கிக்கொண்டு போகிறது. சில நாள் கழித்துத் திரும்பும்போது பில்லில் 'கண்ட்ரோல் மாட்யூல் மாற்றப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. எதை அளந்தார்கள், எது தப்பாக இருந்தது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. வண்டி ஓடுகிறதே என்று நாமும் கேட்பதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: பட்டன் வண்டி எடுக்காமல் போனால், கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதுதான் கம்ப்யூட்டர். முதலில் சந்தேகப்பட வேண்டியவை பேட்டரி, எர்த் ஒயர், பிரேக் சுவிட்ச், சாவிக்குள் இருக்கும் பொத்தான் செல், ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே. இவற்றைச் சோதிக்க ஷோரூம் வேண்டாம், மல்டி மீட்டரும் டெஸ்ட் லேம்ப்பும் போதும். அவை ஓசூரில் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையிலும் ஆணியில் தொங்குகின்றன.

அதுவும் எந்த ஊரில் இந்தப் பயம்? 1980-ல் அசோக் லேலண்ட் லாரி செய்ய வந்த ஊர் இது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் வெளியே வந்ததும் இங்கிருந்துதான். இன்று ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் ஓசூரில் தயாராகிறது, ஓலா போச்சம்பள்ளிப் பக்கம் ஆலை போட்டிருக்கிறது. சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்களில் கணிசமானவர்கள் எட்டு மணி நேரம் ஒயரிங் ஹார்னஸையும் கண்ட்ரோல் யூனிட்டையும் கையில் வைத்து வேலை செய்கிறவர்கள். ஷிப்டு முடிந்து வந்து, வாசலில் நிற்கும் சொந்தக் காரைப் பார்த்து 'இது நமக்குப் புரியாது' என்று கும்பிடு போடுகிறார்கள். இந்த ஊர் பட்டறையில் ஒரு பையன் ஸ்கூட்டரின் பிரேக் சுவிட்சைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவான். பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. காரில் இருப்பதும் அதே ஏற்பாடுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டன் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிடலாம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு, இருநூறு ஆம்பியர் அந்தப் பட்டன் வழியாகப் போவதில்லை. பட்டன் வெறும் கோரிக்கை மனு. அதை அழுத்தியதும் கண்ட்ரோல் யூனிட் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்கிறது. சாவி வண்டிக்குள் இருக்கிறதா? கார் 125 கிலோ ஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு மெல்லிய குரல் கொடுக்க, சாவி அதைக் கேட்டு, பெரும்பாலும் 433 மெகா ஹெர்ட்ஸில், ரகசியக் கணக்குக்கு விடை சொல்ல வேண்டும். பிரேக் மிதி அழுத்தப்பட்டிருக்கிறதா, கியர் வண்டியானால் கிளட்ச் மிதிக்கப்பட்டிருக்கிறதா? ஆட்டோமேட்டிக் என்றால் லீவர் 'பி'-யிலோ 'என்'-னிலோ இருக்கிறதா? ஸ்டியரிங் பூட்டு திறந்ததா? எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' வந்தால் ஸ்டார்ட்டர் ரிலேவுக்கு ஒரு சின்ன மின்சாரம் போகும். ரிலே சொலினாய்டை இழுக்கும், சொலினாய்டு செல்ஃப் மோட்டாரைச் சுற்ற வைக்கும். கடைசி மூன்று படியும் நம் தாத்தா காலத்து வண்டியில் இருந்தவை. செல்ஃப் மோட்டாருக்குப் பேர்போன சென்னை பாடி லூகாஸ் டி.வி.எஸ். 1960-களின் தொடக்கத்திலிருந்து அந்தத் தொழிலில் இருக்கிறது.

'பட்டன் புதுத் தொழில்நுட்பம்' என்பதும் வரலாறு தெரியாத பேச்சு. சார்லஸ் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கியது 1911-ல், கெடிலாக் 1912 மாடலில் அது வந்தது. அதன் பின் பல பத்தாண்டுகள் கார்களில் சாவி ஒரு பக்கம், ஸ்டார்ட்டர் பட்டன் அல்லது கால்மிதி இன்னொரு பக்கம் என்றுதான் இருந்தது. சாவியைத் திருப்பினாலே இன்ஜின் எடுக்கும் ஏற்பாட்டைக் கிரைஸ்லர் கொண்டுவந்தது 1949-ல். அதாவது பட்டன் மூத்தது, சாவி முறுக்குவது இளையது. 1990-களின் இறுதியில் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் வழியாகத் திரும்பி வந்தபோது பட்டனுக்குப் பின்னால் புதிதாகச் சேர்ந்தது, சாவியை ரேடியோ அலையில் அடையாளம் காணும் பகுதி மட்டுமே.

இனி நோய் கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். ஷோரூம் பக்தர்கள் இங்கேதான் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஆரம்பச் சோதனைகளுக்குக் காதும் கண்ணும் போதும்.

பட்டனை அழுத்தியதும் 'டக் டக் டக் டக்' என்று வேகமாகச் சத்தம் வந்து டேஷ்போர்டு விளக்குகள் மினுக்கினால், பேட்டரியில் ரிலேவைப் பிடித்து வைக்கவும் வலு இல்லை என்று பொருள். 'டக்' என்று ஒரே ஒரு கனத்த அடி விழுந்து அமைதியானால், சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை: கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கனத்த கேபிளின் முனை தளர்ந்திருக்கலாம். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்து, சத்தமே இல்லாமல் வண்டி கல்லுப்பிள்ளையார் போல நின்றால், மேலே சொன்ன கேள்விகளில் ஏதோ ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் போகிறது. மூன்று சத்தம், மூன்று திசை. இதற்கு எந்த மென்பொருள் வேண்டும்?

மூன்றாவது வகைக்கு ஒரு எளிய சோதனை. வண்டியின் பின்பக்கம் ஒரு சுவர் இருக்கும்படி பாருங்கள். அதிகாலையிலோ அந்தியிலோ தனியாக உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால், கண்ணாடியில் அந்தச் சுவர் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால் பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் கட்டைவிரல் அளவு சுவிட்சோ அதன் ஃபியூஸோ போயிருக்கிறது. நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் கார் அதை மிதித்ததாக ஏற்காது, பட்டனும் பலிக்காது. பல ஹூண்டாய் மாடல்களின் கையேட்டிலேயே இதற்குத் தற்காலிக வழி இருக்கிறது: ஸ்டாப் லேம்ப் ஃபியூஸ் போயிருந்தால், ஏ.சி.சி. நிலையில் பட்டனைப் பத்து வினாடி விடாமல் அழுத்தினால் இன்ஜின் எடுக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அச்சடித்திருப்பதைக்கூடப் படிக்காமல் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுகிறோம். (பிரேக் விளக்கு எரியாத வண்டியோடு தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஏறிவிடாதீர்கள். அந்த வழி பட்டறை வரை போய்ச் சேர்வதற்கு மட்டும்.)

இதே சுவிட்ச் எதிர்த் திசையிலும் விளையாடும், அதுதான் சுவாரசியம். பிரேக் மிதியின் கம்பியில் ஒரு சிறு துளை இருக்கும், அதில் பட்டாணி அளவு ரப்பரோ பிளாஸ்டிக்கோ செருகியிருப்பார்கள். மிதி மேலே வரும்போது அது சுவிட்சின் முனையைத் தள்ளி விளக்கை அணைக்க வேண்டும். நாலைந்து வருட வெயிலில் அது காய்ந்து, பொடிந்து, கால்மிதி விரிப்பில் விழுந்துவிடும். இப்போது சுவிட்சின் முனை அந்தத் துளைக்குள் புகுந்துகொள்கிறது. காலை எடுத்த பின்பும் பிரேக் விளக்கு அணையாது, ராத்திரி முழுக்க எரியும். காலையில் பேட்டரி காலி. கார்க்காரர் புதுப் பேட்டரி போடுகிறார், சில நாளில் அதுவும் படுக்கிறது. 'பட்டன் சிஸ்டத்தில்தான் கரண்ட் லீக்' என்று யாரோ ஒருவர் தீர்ப்பு எழுதுகிறார். விரிப்பைத் தூக்கிப் பார்த்திருந்தால் உதிர்ந்த ரப்பர்த் துணுக்கு கையில் கிடைத்திருக்கும். நூறு ரூபாய்கூடப் பெறாத அந்தத் துணுக்குக்காகப் புதுப் பேட்டரியும் சிலவேளை புது மாட்யூலும் வாங்க வைக்கும் அமைப்பை 'நிபுணத்துவம்' என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது மல்டி மீட்டர். நிற்கும் வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே போயிருந்தால் அநேகமாகக் காலி. ஆனால் நிற்கும்போது எடுக்கும் அளவை மட்டும் நம்புகிறவர் பாதி மெக்கானிக்தான். ஒருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு முள்ளையோ எண்ணையோ பார்க்க வேண்டும். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. பத்தரை, பதினொன்று வரை இறங்கியும் மோட்டார் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள். எண் அசையவே இல்லை என்றால், கனத்த மின்சாரமே ஓடவில்லை. அப்போதும் கண்ட்ரோல் யூனிட் மீது பாய வேண்டாம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மீதும் இன்னொன்றை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மீதும் வையுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும், நடுவில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்பு மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். அதையும் தாண்டி, நெகட்டிவ் குமிழுக்கும் இன்ஜினின் வெற்று இரும்புக்கும் இடையே ஸ்டார்ட் செய்யும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, தேய்த்து, இறுக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். முடித்த பின் கோளாறு வண்டியின் எந்தப் பாதியில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு காரணமும் பேட்டரிக்கு உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழி விடியலில் இன்ஜின் ஆயில் தடித்திருக்கும், பேட்டரியின் வலுவும் குறைந்திருக்கும். கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் கோடை வெயில் பேட்டரியின் ஆயுளைத் தின்னும். போதாததற்கு, கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுக்கிற வீடுகள் இங்கே ஏராளம். சாவியைத் தேடும் ரிசீவர் வண்டி நிற்கும்போதும் அரைத் தூக்கத்தில் விழித்திருக்கிறது. சாவியை போர்டிகோ சுவரில் காரை ஒட்டி மாட்டி வைத்தால் இரண்டும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்கும், சாவியின் செல்லும் காரின் பேட்டரியும் சேர்ந்து வற்றும். இதோடு டேஷ் கேமராவும் ஜி.பி.எஸ். கருவியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இது எதுவும் பட்டனின் குற்றம் இல்லை.

'சாவி இல்லை' என்று திரையில் வந்தால் ஏன் இத்தனை பதற்றம் என்றும் புரியவில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் செல். கடிகாரக் கடையில் கிடைக்கும். டைட்டன் கடிகாரம் செய்யும் ஊரில் பொத்தான் செல் மாற்றத் தெரியாது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். செல் முற்றிலும் செத்துப்போனாலும், சாவிக்குள் அந்தச் செல்லே தேவைப்படாத ஒரு சில்லு தனியாக இருக்கிறது. சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல மாடல்களில் அதை அடையாளம் கண்டுகொண்டு வண்டி எடுத்துவிடும். வேறு சிலவற்றில் அதற்கென்று ஒரு பள்ளமோ குறியோ இருக்கும். செல்போனையும் சாவியையும் ஒரே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு 'வண்டி மக்கர் பண்ணுது' என்கிறவர்கள், போனை எடுத்து அடுத்த சீட்டில் வைத்துவிட்டு ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். ஸ்டியரிங் பூட்டும் அப்படித்தான். சக்கரத்தை நடைபாதைக் கல்லில் முட்டவிட்டு நிறுத்தினால் பூட்டின் நாக்கு இறுகிக்கொள்ளும், ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்தினால் விடுபடும்.

"ஸ்கேனர் போட்டாத்தான் தெரியும்" என்பது எதிர்த் தரப்பின் பெரிய அஸ்திரம். ஸ்கேனருக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அது சொல்வது கம்ப்யூட்டரின் வாக்குமூலம் மட்டுமே. பேட்டரி சரிந்த அந்த நொடியில் வண்டியில் இருக்கும் ஒவ்வொரு யூனிட்டும் 'பக்கத்து யூனிட் பேசவில்லை' என்று ஒரு கோடு, அதாவது பிழைக் குறியீடு, பதிந்து வைத்துவிடும். மறுநாள் ஸ்கேனரில் பத்துப் பதினைந்து கோடு வரிசையாக நிற்கும். அதைப் பார்த்து 'மாட்யூல் போச்சு' என்கிறவர், ஊரே இருட்டில் இருக்கும்போது ஒவ்வொரு வீட்டு பல்பையும் மாற்றச் சொல்கிறார். முதலில் மின்சாரத்தைச் சரிசெய்து, கோடுகளை அழித்து, திரும்ப எது வருகிறது என்று பார்ப்பவர்தான் நிபுணர். அவர் ஷோரூம் சட்டை போட்டிருக்கிறாரா, கிரீஸ் படிந்த பனியன் போட்டிருக்கிறாரா என்பது முக்கியமில்லை.

யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசும் கேன் இணைப்பையும் பெரிய மர்மம்போலக் காட்டுகிறார்கள். போஷ் நிறுவனம் அதை 1986-லேயே உலகுக்கு அறிவித்துவிட்டது. முறுக்கிய இரண்டு ஒயர், இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் 6-வது, 14-வது துளைகளுக்கு இடையே மல்டி மீட்டரை வைத்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை நெருங்கினால் எங்கோ இரண்டும் ஒட்டியிருக்கிறது. சில மாடல்களில் அந்தத் துளைகளுக்குப் பின்னால் கேட்வே யூனிட் உட்கார்ந்திருக்கும், அங்கே உள்ளே போய் அளக்க வேண்டும். மற்றபடி, தொடக்கூடாத கம்ப்யூட்டர் என்று மச்சான் பயமுறுத்தியதன் முதல் சோதனை, ஐ.டி.ஐ. முதலாண்டு மாணவன் செய்யக்கூடிய தடை அளவீடுதான்.

ஷோரூம் தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. சாவி தொலைந்து புதுச் சாவியை வண்டிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றாலோ, சரியான சாவி இல்லாமல் இன்ஜினை எடுக்கவிடாத இம்மொபிலைசர் யூனிட் நிஜமாகவே எரிந்து வேறொன்றை இணைக்க வேண்டும் என்றாலோ, கம்பெனியின் மென்பொருளும் ரகசியக் குறியீடும் இல்லாமல் முடியாது. சட்டப்படி கட்டாயமான ஓ.பி.டி. கோடுகள் புகை சம்பந்தப்பட்டவை. கதவு, சாவி, பூட்டு பற்றிய தகவல்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் மொழியில் பூட்டி வைத்திருக்கிறது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டறைக்காரரால் முடியாமல் போவது அறிவு இல்லாததால் அல்ல, அனுமதி இல்லாததால். கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே வரத் தெரியாதவன் என்று வெளியே நிற்பவனைக் கேலி செய்வது என்ன நியாயம்?

நான் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் பழுதுபார்ப்புக் கையேடுகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டியை ஒடுக்கும் செயல் என்பது அதன் முடிவு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, அபராதத் தொகை பற்றிய வழக்கு நீண்டது. ஆனால் ஆணையத்தின் காரணங்களைப் படித்தால், 'பாதுகாப்புக்காகத்தான் பூட்டினோம்' என்ற வாதம் அங்கே எடுபடவில்லை என்பது தெளிவாகத் தெரியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012 வாக்கெடுப்பிலேயே, பழுதுபார்க்கும் தகவலை வெளிப் பட்டறைகளுக்கும் கொடு என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

வாரண்டி பயத்துக்கும் அதே 2014 உத்தரவில் பதில் இருக்கிறது. வெளிப் பட்டறைக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது, வெளியே செய்த தப்பான வேலையால் எது கெட்டதோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று ஆணையம் சொன்னது. வாரண்டி காலத்தில் இலவசமாகச் செய்து கொடுப்பதை விட்டுவிட்டு வெளியே காசு கொடுக்கச் சொல்லவில்லை நான். வாரண்டி முடிந்து வருடக்கணக்கான வண்டிக்காரரும் அதே பயத்தில் உறைந்து கிடப்பதைத்தான் சொல்கிறேன்.

'தகவலைத் திறந்துவிட்டால் திருடன் பயன்படுத்துவான்' என்பது இன்னொரு வாதம், கேட்க நியாயமாக இருக்கும். சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் எட்டு நிறுவனங்களின் பத்து கார் மாடல்களைச் சோதித்தார்கள். காருக்கும் வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கும் நடுவே சிக்னலை வாங்கிக் கடத்தும் கருவி வைத்து, சாவி பக்கத்தில் இருப்பதாகக் காரை ஏமாற்றிக் காட்டினார்கள். அந்த வித்தைக்குக் கையேடு வேண்டாம், ரகசியக் குறியீடு வேண்டாம், பழுதறியும் மென்பொருளும் வேண்டாம். ரகசியம் காத்து அந்தக் கடத்தலைத் தடுக்க முடியாது. பூட்டு வேலை செய்தது நேர்மையான பட்டறைக்காரரிடம் மட்டும்தான்.

இனி நம் பக்கத்து ஆட்களையும் விடுவதாக இல்லை. ஷோரூமுக்கு வாடிக்கையாளரைத் துரத்தியதில் பட்டறைகளுக்கும் பங்கு இருக்கிறது. பட்டன் வேலை செய்யவில்லை என்றதும் செல்ஃப் மோட்டாருக்கு நேரடி ஒயர் இழுத்து, டேஷ்போர்டின் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பிரேக் சுவிட்ச் கிடைக்கவில்லை என்று இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கியரில் நிற்கும் வண்டி அப்படி ஸ்டார்ட் செய்யும்போது முன்னால் பாயும், எதிரே குழந்தை நின்றால் என்ன ஆகும்? அந்தச் சுவிட்சுகள் தொந்தரவுக்காக வைத்தவை அல்ல. தவறிய சோதனையைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது ரிப்பேர், சோதனையையே தூக்கி எறிவது ரிப்பேரில் சேராது. அளக்காமல் மாட்யூல் மாற்றும் ஷோரூமும் அளக்காமல் ஒயர் முறுக்கும் பட்டறையும் ஒரே தப்பை இரண்டு விலையில் செய்கின்றன.

"சாவி போட்டுத் திருப்புற வண்டிதான் ராசி" என்று ஏங்குகிறவர்களிடம் அதிகம் வாதாடத் தேவையில்லை. அவர்கள் போற்றும் சாவி வண்டியிலும் பல வருடங்களாக இம்மொபிலைசர் சில்லு சாவித் தலைக்குள் இருக்கிறது, பூட்டைச் சுற்றி ஆன்டெனா வளையம் இருக்கிறது. அதோடு தேயும் பூட்டுச் சிலிண்டரும் உண்டு. பட்டன் வண்டியில் அந்தச் சிலிண்டர் தொல்லை இல்லை.

மின்சாரக் காருக்கு மாறினால் இந்தப் பஞ்சாயத்து தீரும் என்ற நினைப்பும் வேண்டாம். கீழே பல நூறு வோல்ட் பேட்டரி நிரம்பியிருந்தாலும், அதன் கான்டாக்டரை மூடி வண்டியை எழுப்புவது பெரும்பாலான மின்சாரக் கார்களில் பழைய 12 வோல்ட் பேட்டரிதான். அது சோர்ந்தால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் 'ரெடி' வராது. ஆரஞ்சு நிறக் கேபிள்களைப் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது, அதில் இரண்டு பேச்சு இல்லை. அந்த 12 வோல்ட்டை அளக்க மட்டும் அதே மீட்டர்தான்.

கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வண்டி எடுக்கவில்லை என்றால் முதலில் சத்தத்தைக் கேளுங்கள், பின்சுவரைப் பாருங்கள், சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து ஒருமுறை அழுத்துங்கள். பிறகு மீட்டர் வைத்திருக்கும் உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அளந்து பார்ப்பவருக்கு அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். 'மாட்யூல் போச்சு' என்று யார் சொன்னாலும், ஷோரூமானாலும் பட்டறையானாலும், எந்தக் கோடு வந்தது, ஸ்டார்ட் செய்யும்போது எத்தனை வோல்ட் இருந்தது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.